சேர்த்தவர் பெயர், பதவி, முத்திரை

எங்கள் நிலையத்தில் எதுவும் தானாக நடக்காது. இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, வயிற்றெரிச்சலில் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். பத்தொன்பது வருஷமாக இங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். யார் என்ன சொன்னாலும் எழுதுவேன். எனக்கென்று ஒரு அபிப்பிராயம் ஒரு காலத்தில் இருந்தது என்பது மட்டும் ஞாபகம். வாசலில் ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு ஒன்று உண்டு. அதற்கும் ஒரு ஆள் போட்டிருக்கிறோம். யாராவது வந்தால் அவர் எழுந்து நின்று, கதவு திறப்பதைப் பார்த்து, நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அந்தக் கதவு வழியாகத்தான் ஏலக்காரர் வந்தார். மொத்தக் காய்கறிச் சந்தையில் இருபது வருஷம் தக்காளி ஏலம் விட்டவர். ஒரு விபத்துக்குப் பிறகு பல வாரம் தொண்டைக்குள் ரப்பர் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். உள்ளே தழும்பு விழுந்து மூச்சுக்குழல் சுருங்கிவிட்டது. கழுத்தில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு சின்னக் குழாயை வைத்து அனுப்பியிருந்தார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. பேச வேண்டுமென்றால் விரலால் துளையை அடைக்க வேண்டும். அடைத்தால் நாலு வார்த்தை வரும், ஐந்தாவதற்குக் காற்று இருக்காது. மூச்சு விடாமல் பேசியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். இப்போது மீதி வார்த்தைகளை அவர் மனைவி பேசினார். அந்த அம்மாவுக்கு மூச்சில் ஒரு குறையும் கிடையாது.

எங்கள் வேலை திசு தயாரிப்பது. ஆய்வக உதவியாளராக இருக்கும் பெண்ணை நிலையம் முழுக்க ஜெல்லியம்மா என்று கூப்பிடுவோம். அவர்தான் முதல் நாள் அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொன்னார்.

"அக்கா, அண்ணனோட காது குருத்தெலும்புல இருந்து கொஞ்சூண்டு எடுத்து, அதுல இருக்கிற செல்லை ஆறு வாரம் வளர்ப்போம். அப்புறம் அதைச் சின்னச் சின்ன ஜெல் கட்டிக்குள்ள வெச்சிருவோம். ஒவ்வொரு கட்டியும் கடுகுல பாதி. ஆயிரத்து நூறு கட்டி சேர்ந்தா ஒரு வளையம். அதை டாக்டர் சுருங்கின இடத்துல வெச்சுத் தெச்சிருவார். அண்ணன் மறுபடி வாயால மூச்சு விடலாம்."

"கடுகுல பாதியா! அதை யாரும்மா உக்காந்து அடுக்குறது?"

"யாரும் அடுக்க வேணாங்க்கா. அது முழுக்கத் தண்ணி. எண்ணெய்க்குள்ள போட்டா எண்ணெய் அதுக்கு ஆகாது. தட்டை லேசா ஆட்டினாப் போதும், ஒண்ணைத் தேடி ஒண்ணு ஓடி ஒட்டிக்கும். நடுவுல ஒரு கண்ணாடிக் குச்சியை நிக்க வெச்சா, அதைச் சுத்தி வளையமா நிக்கும். ஒன்றரை நிமிஷம். அப்புறம் நீல விளக்கை அரை நிமிஷம் காட்டினா இறுகிடும்."

"மொத்தமே ரெண்டு நிமிஷமா?"

"ரெண்டே நிமிஷம்."

ஏலக்காரர் துளையை அடைத்துக்கொண்டு சொன்னார்: "தக்காளியவிட வேகம்."

பாவம், ஜெல்லியம்மாவுக்கு அப்போது படிவம் ஏழு ஞாபகத்தில் இல்லை.

படிவம் ஏழில் கடைசிக் கட்டம்: 'சேர்த்தவர் பெயர், பதவி, முத்திரை'. அது நிரம்பினால்தான் கண்காணிப்பாளர் நீல விளக்கின் பெட்டிச் சாவியைத் தருவார். சாவியை அவர் சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்தானும் போட்டிருப்பார். முதல் தடவை ஜெல்லியம்மா அந்தக் கட்டத்தில் 'தானாகச் சேரும்' என்று எழுதிக் கொண்டு போனார்.

"தானான்னா என்னம்மா அர்த்தம்?" என்றார் கண்காணிப்பாளர். அவர் கோபப்படுகிறவர் அல்ல, வருத்தப்படுகிறவர். "இங்க முந்நூத்தி நாப்பது பேர் வேலை பார்க்கிறோம். எல்லாரும் சும்மா இருந்தோம்னு எழுத்துல குடுக்கிறியா?"

"அப்போ நான் சேர்த்தேன்னு எழுதட்டுமா சார்?"

"நீ உதவியாளர். உதவி பண்ணலாம். சேர்க்கிற அதிகாரம் உனக்கு எங்க இருக்கு?"

"யாருக்கு இருக்கு சார்?"

நல்ல கேள்வி என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு பதவியே நிலையத்தில் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிய வந்தது. தலைமையகத்துக்குக் கடிதம் போயிற்று. கட்டிக்குள் இருக்கும் செல்கள் மூன்று நாள் தாங்கும். கடிதத்துக்குப் பதில் ஐந்தாவது வாரம் வந்தது, 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று. நான் குறிப்பில் எழுதினேன்: 'செல்கள் ஒத்துழைக்கவில்லை.' அப்படித்தான் எழுதச் சொன்னார்கள்.

இரண்டாவது தடவை, மற்றக் காதில் எடுத்தார்கள். இந்த முறை ஏலக்காரரையே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மனைவியோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க செல்கள் எங்க வளாகத்துல ஆறு வாரமாத் தங்கியிருக்கு" என்றார் கண்காணிப்பாளர். "வெளியாள் அனுமதிச் சீட்டு வாங்கினீங்களா?"

ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"ஏன் சார், அதுக்கென்ன கையா காலா, வரிசையில நின்னு சீட்டு வாங்க?" என்றார் அந்த அம்மா.

"அதனாலதாம்மா பொறுப்பாளரைக் கூப்பிட்டிருக்கோம். போட்டோ ரெண்டு பிரதி வேணும்."

"இவர் போட்டோவா?"

"தங்கினவங்க போட்டோ."

ஜெல்லியம்மா நுண்ணோக்கியில் படம் எடுத்துக் கொடுத்தார். முகம் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. சீட்டு கிடைத்த அன்றைக்குச் செல்கள் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தன. சீட்டை வீணாக்கக் கூடாது என்று ஏலக்காரர் அதைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு காதிலும் தழும்பு, கையில் அனுமதிச் சீட்டு. மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவதற்குக் காற்று வேண்டுமே.

மூன்றாவது தடவை விலாவில் எடுத்தார்கள். கூடவே அறுவை மருத்துவரின் கடிதமும் வந்தது. மூச்சுக்குழல் துளைக்குக் கீழேயும் சுருங்க ஆரம்பித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அறுவை, வளையம் ஒரு ராத்திரி ஊட்டத் திரவத்தில் ஊறியிருக்க வேண்டும், நாலாவது தடவை எடுக்க இவர் உடம்பு தாங்காது. கடிதம் மொத்தம் ஆறு வரி. எங்கள் நிலையத்தில் ஆறு வரிக் கடிதத்துக்கு மரியாதை கிடையாது. ஆனால் அதை இயக்குநரே படித்துவிட்டார்.

எங்கள் இயக்குநர் தீர்வு காண்பவர். அவர் கண்ட தீர்வு இது: வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்ட அரங்கில் சேர்ப்பு விழா. கட்டிகளைக் கையாலேயே சேர்ப்பது. முதல் கட்டியை இடுக்கியால் இயக்குநர் வைப்பார். அடுத்து துறைத் தலைவர்கள் பணிமூப்புப்படி ஆளுக்கு ஒன்று. மீதி ஆயிரத்துச் சொச்சம் கட்டிகள் 'அதிகாரிகள் முன்னிலையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும்'. படிவம் ஏழும் நிரம்பிவிடும், யார் மனசும் நோகாது.

நிகழ்ச்சி நிரலை நான்தான் தட்டச்சு செய்தேன். '11.00: எண்ணெய் ஊற்றுதல். 11.01: இயக்குநர் முதல் கட்டியை வைத்தல்.'

"சார், எண்ணெய் ஊத்தினா ஒரு மணி நேரம்தான்" என்று ஜெல்லியம்மா என்னிடம் வந்து சொன்னார். "அதுக்கு மேல உள்ள இருக்கிற செல்லுக்கு மூச்சு முட்டிரும். பன்னெண்டு மணிக்குள்ள விளக்கு காட்டி வெளிய எடுத்தாகணும். எழுதிக்குங்க." எழுதிக்கொண்டேன். நான் எதைத்தான் எழுதாமல் விட்டேன்?

வியாழக்கிழமை அரங்கில் நீள மேசை. அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதனடியில் ஒரு பழைய சுற்றறிக்கையை மடித்து வைத்திருக்கிறோம், அப்படியும் ஆடும். நடுவில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் கண்ணாடித் தட்டு, தட்டின் நடுவில் குச்சி, குச்சியைச் சுற்றிச் சிதறிக் கிடந்த கட்டிகள். சுவரோரம் இரண்டு நாற்காலியில் ஏலக்காரரும் மனைவியும். சரியாகப் பதினோரு மணிக்கு ஜெல்லியம்மா எண்ணெய் ஊற்றினார். இயக்குநர் இடுக்கியைக் கையில் எடுத்தார். எடுத்தவர், "அதற்கு முன் ஓரிரு வார்த்தைகள்" என்றார்.

ஜெல்லியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்தேன்.

"சேர்ப்பது என்பது சாதாரண காரியமல்ல" என்று தொடங்கினார் இயக்குநர். அவருக்கு ஒரு பழக்கம், முக்கியமான வார்த்தை வந்தால் உள்ளங்கையால் மேசையைத் தட்டுவார். அவருக்கு எல்லா வார்த்தையும் முக்கியம். "முப்பத்தொரு வருட சேவையில் இரண்டு துறைகளை ஒரே அறையில் மூன்று முறை உட்கார வைத்திருக்கிறேன். (தட்டு.) இது நான்காவது முறை. (தட்டு.) ஒரு மனிதருக்கு மூச்சு வேண்டும். கொடுப்போம். ஆனால் முறைப்படி கொடுப்போம். (தட்டு, தட்டு.) அவசரப்பட்டு மூச்சு விடுகிறவன் நீண்ட காலம் மூச்சு விட மாட்டான்!"

ஏலக்காரரின் கழுத்துக் குழாய் மெல்ல விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"போன வருஷம் இந்த நிலையம் நானூறு கோப்புகளை முடித்தது. எத்தனை வளையம் என்று ஒருவர் என்னைக் கேட்டார். (தட்டு.) அவரை மாற்றிவிட்டேன். (தட்டு.) கோப்புதான் நம் திசு, நண்பர்களே! கோப்பில் இல்லாத உயிர் உயிரே அல்ல!"

துறைத் தலைவர்கள் கை தட்டினார்கள். அவர் தட்டும்போதெல்லாம் மேசை குட்டைக் காலின் மேல் முன்னும் பின்னும் ஆடியது. பதினொன்றே கால். பதினொன்றரை. ஏலக்காரரின் மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். தட்டல்களை நான் ஓரத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன். விதி அது.

"கடைசியாக ஒன்று சொல்கிறேன்" என்று இயக்குநர் குரலை உயர்த்தினார். "என் உத்தரவு இல்லாமல் இந்த நிலையத்தில் ஒன்றோடு ஒன்று சேராது! சேர்ந்ததில்லை! சேரவும் விடமாட்டேன்!" அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.

"சார்" என்றார் ஜெல்லியம்மா. "சேர்ந்திருச்சு."

எல்லாரும் தட்டைக் குனிந்து பார்த்தோம். ஆயிரத்து நூறு கட்டிகளும் குச்சியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு, விரல் மோதிரம் போல ஒரு வளையமாக நின்றன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மணி பதினொன்று நாற்பத்தாறு.

"யார் சொல்லிச் சேர்ந்தது?" என்றார் இயக்குநர்.

கண்காணிப்பாளர் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தார்.

"நிகழ்ச்சி நிரல்படி உருப்படி இரண்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்" என்றார் வருத்தத்தோடு. "இது அனுமதியில்லாத சேர்க்கை."

"பிரிச்சிடு" என்றார் இயக்குநர் ஜெல்லியம்மாவிடம். "பிரிச்சு வெச்சா, முறைப்படி ஆரம்பிச்சிரலாம்."

"சார், பிரிச்சா கட்டியெல்லாம் கிழிஞ்சிரும். விளக்கை மட்டும் காட்டவிடுங்க சார். பதினாலு நிமிஷம்தான் இருக்கு."

"சாவி தர்றேன்மா, நான் தர மாட்டேன்னா சொன்னேன்?" என்றார் கண்காணிப்பாளர். "படிவத்துல சேர்த்தவர் யாருன்னு எழுது. தர்றேன்."

அவர் படிவத்தைத் துறைத் தலைவர்கள் பக்கம் நகர்த்தினார். அனுமதியில்லாமல் சேர்ந்ததில் யார் கையெழுத்துப் போடுவார்? வேதியியல் தலைவர் படிவத்தை உயிரியல் தலைவர் பக்கம் தள்ளினார். அவர் இயந்திரவியல் தலைவர் பக்கம் தள்ளினார். படிவம் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தது.

ஏலக்காரரின் மனைவி எழுந்துவிட்டார். "அட என்ன சார் நீங்கள்லாம்! ரெண்டு காதையும் வெட்டிக் குடுத்தாச்சு, விலாவையும் குடுத்தாச்சு. சேர வேண்டியது சேர்ந்து நிக்குது. அது நல்லாச் சேர்ந்ததுதான் உங்களுக்குப் பொறுக்கலையா? இந்த மனுஷன் ஒன்றரை வருஷமா வாய் விட்டுச் சிரிக்கல சார். சிரிச்சா மூச்சு நிக்குது. நானும் சிரிக்கிறதை விட்டுட்டேன்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார்.

"குறிப்பில் சேர்க்க வேண்டாம்" என்றார் இயக்குநர் என்னிடம்.

அப்போதுதான் ஏலக்காரர் எழுந்து வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது. அழுகும் சரக்கையும் நகராத கூட்டத்தையும் இருபது வருஷமாகப் பார்த்த கண். மேசை முனையில் நின்று, இடது கை விரலைக் கழுத்தில் வைத்து, வலது கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"சரக்கு ஒரு வளையம்." மூச்சு வாங்கினார். "சேர்த்தவர் பேரு காலி." மறுபடி மூச்சு. "யாருக்கு வேணும்?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று அந்த அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "இந்த நிலையத்தோட முதல் வளையம் சார்! நாளைக்குப் பேப்பர்ல போடுவான், சேர்த்தவர் இன்னார்னு! ஒரே ஒரு பேருக்குத்தான் இடம். அப்புறம் எனக்குக் கிடைக்கலையேன்னு வருத்தப்படக் கூடாது!"

வேதியியல் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "யோசிச்சுப் பார்த்தா, எண்ணெய் எங்க துறையோடது. எனக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ்."

"பதினெட்டு" என்றார் ஏலக்காரர். "பதினெட்டு... மேல யாரு?"

"எண்ணெய் ஊத்தினவன் சமையல்காரனா? உள்ள இருக்கிறது உயிர்" என்றார் உயிரியல் தலைவர். "இருபத்துமூணு."

"ஆட்டினதாலதானே சேர்ந்தது? அது இயந்திரவியல். இருபத்தாறு."

"இருபத்தாறு... இருபத்தாறு..."

"நான் நிரந்தரமானது இருபத்தெட்டு" என்று கண்காணிப்பாளரும் கையைத் தூக்கிவிட்டார். சாவி தன் பையில் இருப்பதையே அவர் மறந்துபோனார். "தற்காலிகமா இருந்த ரெண்டையும் சேர்த்தா முப்பது."

இயக்குநர் மெதுவாக எழுந்தார். "முப்பத்தொண்ணு" என்றார். "மேசையைத் தட்டினது யாரு?"

"முப்பத்தொண்ணு." ஏலக்காரரின் முகம் நீலம் பாரித்திருந்தது. "ஒரு தரம்."

குழாய் விசில் அடித்தது. பதினொன்று ஐம்பத்து நாலு.

"ரெண்டு தரம்."

மூன்றாவதற்கு அவருக்கு மூச்சு வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் இல்லை. எப்போதும் அவர் விட்ட வார்த்தையை எடுத்துப் பேசுகிற மனைவி, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவர் சொல்லட்டும் என்று நின்றார். அரங்கில் நாங்கள் அத்தனை பேரும் ஒரு மனுஷனின் ஒற்றை மூச்சுக்காகக் காத்திருந்தோம். இந்த நிலையத்தில் அப்படி ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை.

"மூணு தரம்" என்று மேசையைத் தட்டினார்.

இயக்குநர் பெயரை எழுதினார், பதவியை எழுதினார், முத்திரைக்காகத் திரும்பிப் பார்த்தார். முத்திரை என் பொறுப்பு. கூட்டம் முடிந்த பிறகுதான் குத்த வேண்டும் என்பது விதி. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, கூட்டம் நடக்கும்போதே குத்தினேன். குறிப்பில் 'கூட்டம் 11.56க்கு நிறைவுற்றது' என்று எழுதினேன். அந்தக் கூட்டம் மூன்றரை மணி வரை நடந்தது.

சாவி வந்தது. நீல விளக்கு அரை நிமிஷம். பன்னிரண்டு அடிக்கும்போது வளையம் ஊட்டத் திரவத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அறுவை நடந்தது. மூன்றாம் மாதம் குழாயை எடுத்தார்கள், துளையும் மூடிக்கொண்டது. ஏலக்காரர் சந்தைக்குத் திரும்பினார். முதல் நாள் விட்ட சத்தத்தில் பக்கத்து வெங்காய ஏலம் நின்றுபோயிற்றாம்.

எங்கள் நிலையத்தில் இயக்குநர் படத்தோடு ஒரு பலகை வைத்தார்கள். செய்முறை விதியும் வந்தது. என் குறிப்பைப் பார்த்துத்தான் எழுதினார்கள், வேறு ஆதாரம் ஏது? 'படி நான்கு: இயக்குநர் நாற்பத்தாறு நிமிடம் உரையாற்ற வேண்டும். மேசையை அறுபத்திரண்டு முறை தட்ட வேண்டும். மேசைக் காலுக்கு அடியில் உள்ள சுற்றறிக்கையை அகற்றக் கூடாது.'

விதி வந்த மறு மாதம் இயக்குநர் ஓய்வு பெற்றார். புது இயக்குநர் அமைதியான மனிதர், கையைப் பையில் விட்டுக்கொண்டு பேசுவார். ஒத்திகையில் நாற்பத்தாறு நிமிஷ உரையை எப்படியோ சமாளித்தார். ஆனால் தட்டல் என்று ஒன்று அவரிடமிருந்து வரவில்லை. இதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார். பஸ் ஓட்டுகிற ஒரு பெண், கழுத்தில் அதே துளை. குழு கூடி, 'மேசை தட்டுநர் (தற்காலிகம்)' என்று ஒரு பணியிடத்தை உருவாக்கியது. தகுதி: இருபது வருஷ அனுபவம். ஒரே ஒருவர்தான் விண்ணப்பித்தார்.

வியாழக்கிழமை சந்தையை முடித்துக்கொண்டு அவர் வந்தார். கதவு தானாகத் திறந்தது, வாசல் ஆள் நேரத்தைப் பதிந்தார். உரையை எழுத்து வடிவில் கோப்பில் வைத்தால் போதும் என்று திருத்தம் வாங்கியிருந்ததால், நேரே தட்டலுக்குப் போனோம். இயக்குநர் நாற்பத்தாறு நிமிஷத்தில் தட்டிய அறுபத்திரண்டையும் ஏலக்காரர் ஒன்றரை நிமிஷத்தில் தட்டி முடித்தார். கட்டிகள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. ஜெல்லியம்மா விளக்கைக் காட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்து வந்து தட்டைப் பார்த்தார். கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு, "யாருங்க சேர்த்தது?" என்று கேட்டார்.

ஏலக்காரர் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய், துளை இல்லாதது ஞாபகம் வந்தவராகக் கையை இறக்கினார். "தானா சேர்ந்துச்சும்மா!" என்றார், தாழ்வாரம் வரைக்கும் கேட்கும்படி. கண்காணிப்பாளர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

படிவம் ஏழில் முத்திரை குத்தினேன். அவர் சொன்னதை மட்டும் குறிப்பில் எழுதவில்லை. எழுதினால் கட்டிகள் மேல் நடவடிக்கை எடுத்துவிடுவார்கள்.